பன்னிரண்டாம் கேள்வியின் கடைசிக் கட்டம்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவனுக்குக் கதவு திறந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஷிபுதாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோதும் திறக்காத கதவுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ராஷ்பிஹாரி முனையில் ஒரு ரோல் கடை வாசல். அவர் ஒரு கையில் முட்டை ரோல், அக்குளில் படிவக் கட்டு. என்னைப் போலவே ஓய்வு பெற்றபின் சர்வே வேலைக்கு வந்தவர்; பெயரோடு ஒட்டிய ‘தா’ வங்காளியில் அண்ணன். அடுத்த செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த சர்வே கஞ்சா பற்றியது. யார் எடுக்கிறார்கள் என்பதைவிட எப்படி எடுக்கிறார்கள் என்பதுதான் சர்வே நடத்துகிறவர்களுக்கு வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் கேள்வியில் கட்டம் கட்டமாக இருக்கும்: சுருட்டிப் புகைப்பது, சில்லிம் என்கிற மண் குழாய், அரைத்துக் குடிக்கிற பாங்கு. கடைசிக் கட்டம் ஒரு கருவிக்கு. இலையை எரிக்காமல் சூடு மட்டும் பண்ணி, அந்த ஆவியை இழுக்கிற பாட்டரிக் கருவி. வெளிநாட்டில் நிறையப் பேர் புகையை விட்டு இதற்கு மாறிவிட்டார்களாம். இங்கே எப்படி என்று தெரிய வேண்டுமாம். என் படிவங்களில் அந்தக் கட்டம் ஒன்று விடாமல் பூஜ்யம்.

வாசல் மணி அடித்துப் பிழைத்த யாருக்கும் இது புரியும். ஒரு கட்டம் முழுக்கப் பூஜ்யமாக வந்தால் மேலே இருப்பவர்கள் ஒன்றைத்தான் நினைப்பார்கள்: ஆள் படி ஏறவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான். அப்படி முடிவு கட்டிவிட்டால் அவனுடைய மொத்தப் படிவமும் ரத்து. ஏழு வாரம் மாடி ஏறி இறங்கியவன் நான். வங்காளிகள் வாயில் மணி என்கிற நான் எப்போதும் மோனிதான். அன்று ரோல் கடையிலிருந்து கிளம்பிய ஷிபுதா பஸ் படியில் தொங்கியபடி திரும்பிக் கத்தினார்: “மோனி, அடம் பிடிக்காதே! ரெண்டே ரெண்டு டிக் போடு, நானும் போட்டுட்டேன்!”

சவாரி நேரம்

அந்தக் கருவியின் படம் போட்ட அட்டை ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, படத்தைக் காட்டினால் தெரியுமாம். காளிகாட் பக்கம் ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டி நிழலில் உட்கார்ந்து பீடிக்குள் தூளைத் திணித்துக்கொண்டிருந்தார். பீகார்க்காரர். என்னைக் கண்டு ஒளிக்கக்கூட இல்லை. பெயர் எழுத மாட்டேன் என்று சொன்னதும் எல்லாக் கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னார்.

அட்டையை நீட்டினேன். கொசு மருந்து மெஷினா என்று கேட்டார். இல்லை, பட்டனை அமுக்கிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் உள்ளே அடுப்பு மாதிரி சூடாகும், அப்புறம் இழுக்க வேண்டும் என்று விளக்கினேன். எவ்வளவு நேரம் என்றார். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் என்றேன். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சிரித்தார்: “அது சூடாகறதுக்குள்ள நான் இதை முடிச்சுட்டுச் சவாரிக்கே கிளம்பிடுவேன், சாச்சா.”

கை மாறும் சில்லிம்

அதே வாரம் கங்கைக் கரையில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சில்லிம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாங்குகிறவர் அதை நெற்றியில் தொட்டுக்கொண்டுதான் வாயில் வைப்பார். அந்த வட்டம் ஒரு சுற்று முடிகிற வரைக்கும் நான் பேசக் கூடாது என்று சைகை காட்டினார்கள். நானும் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன்.

அட்டையை நால்வரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். இதில் சாம்பல் வராதா என்றார் ஒருவர். வராது. புகை? அவ்வளவாக வராது. எத்தனை பேர் இழுக்கலாம்? பொதுவாக ஒருத்தர்தான் என்றேன். காவி வேட்டிக்காரர் அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: “தனியா இழுக்கிறதுக்கா இவ்வளவு மெனக்கெட்டுச் செஞ்சிருக்கான், பாவம்!”

லேக் மார்க்கெட் மாமி

எங்கள் பட்டியலில் இருக்கிற வீடு தெரிந்தவர் வீடாக இருந்தாலும் கேள்வியை விடக் கூடாது. இப்படித்தான் லேக் மார்க்கெட்டில், நானும் என் மனைவியும் முப்பது வருஷம் காப்பிப்பொடி வாங்கிய கடைக்கு எதிர் மாடியில், மாமி கதவைத் திறந்தாள். வாங்கோ மணி என்று உட்கார வைத்து, காப்பி கொடுத்து, என் சமையல் எப்படி என்று விசாரித்தாள். முதல் பதினொரு கேள்விகள் படிப்பு, வேலை, தூக்கம் பற்றியவை. சந்தோஷமாகப் பதில் சொன்னாள்.

பன்னிரண்டு வந்தது. நான் படிவத்தைப் பார்த்தபடியே, நிமிராமல், ஒரே மூச்சில் வாசித்தேன். உள்ளறையில் மாமா டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. மாமி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்: “எங்காத்துல கட்டம் எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்கோங்கோ. உங்காத்துக்காரி இருந்திருந்தா இப்படியொரு வேலைக்கு உங்களை அனுப்பியிருப்பாளா?”

ஒரு வாரக் கெடு

எங்கள் மேற்பார்வையாளர் ரூமாவுக்கு என் மகள் வயது. ஆனாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ரூமாதி, அதாவது ரூமா அக்கா, எனக்கும்தான். அலிப்பூர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, படிவங்களை விசிறி மாதிரி விரித்து வைத்தார். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கருவி வைத்திருப்பவர்களை ஆளுக்கு இரண்டு, மூன்று பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

இல்லாததை எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இன்னும் ஒரு வாரம், மோனிதா. நியூ டவுன் வீடுகள் பாக்கி இருக்கு. அங்கேயும் பூஜ்யம்னா மேலே உங்களுக்காக என்னால பேச முடியாது.”

பதினேழாவது மாடி

நியூ டவுனில் லிஃப்ட் இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. பதினேழாவது மாடியில் சௌரவ் என்று ஒரு ஐ.டி. இளைஞர். அட்டையைப் பார்த்ததும், “ஆரே, இது எங்கிட்ட இருக்கு!” என்று உள்ளே ஓடினார். ஏழு வாரமாகத் தேடிய பொருள்! மூக்குக்கண்ணாடி டப்பா அளவில், கறுப்பாக, கனமாக என் உள்ளங்கையில் இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே இருந்த சின்னக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். ஷிபுதா இருந்திருந்தால் உடனே போன் பண்ணியிருப்பேன்.

படிவத்தில் ஒரு விதி உண்டு: கடந்த முப்பது நாளில் பயன்படுத்தியிருந்தால்தான் டிக். கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். நண்பன் துபாயிலிருந்து கொண்டுவந்தானாம். பல மாதத்துக்கு முன்னால், பூஜை சமயத்தில், நாலு தடவை இழுத்ததோடு சரி. சார்ஜ் போட வேண்டும், கிண்ணத்தைப் பிரஷ் வைத்துக் கழுவ வேண்டும், இலையை மாவாக அரைக்க வேண்டும். இப்போது பழையபடி சுருட்டித்தான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. கருவியை என் கையிலிருந்து வாங்கி, தூசி தட்டி, சார்ஜரில் செருகி, சித்தப்பா முறை வைத்துச் சொன்னார்: “வருத்தப்படாதீங்க காகு, பத்து நிமிஷம் உட்காருங்க. உங்களுக்காக இப்பவே ஒரு தடவை இழுத்துடறேன், தாராளமா டிக் போட்டுக்கோங்க.”

உட்கார்ந்தேன். அதை மறைக்க மாட்டேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். நான் மணி அடித்திராவிட்டால் அந்தக் கருவி இன்றைக்கும் அலமாரியில்தான் கிடந்திருக்கும். எழுந்து, சுருட்டிப் புகைப்பது என்ற கட்டத்தில் டிக் போட்டு, கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். அவர் லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார்: “காகு, உங்களை மாதிரி ஒரு சர்வேக்காரரை நான் பார்த்ததே இல்லை!”

போன் சோதனை

வேலை போய்விட்டது என்றுதான் அலிப்பூருக்குப் போனேன். அங்கே வேறு கூத்து. கடைசிக் கட்டத்தில் டிக் இருந்த வீடுகளுக்கெல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் கருவியைத் தெரியவில்லை. பேஹாலாவில் ஒரு அம்மா, அதை எப்போது வந்து கொடுப்பீர்கள், இலவசம்தானே என்று கேட்டாராம். என் வீடுகளுக்கும் போன் போயிருக்கிறது. மாமி மறுபடியும் எல்லாக் கட்டத்துக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள், இந்தத் தடவை கோபமாக.

டிக் போட்ட எல்லோருடைய கட்டுகளும் ரத்தாகி மேஜையில் கிடந்தன. ஷிபுதாவின் சாய்ந்த கையெழுத்து மேலேயே தெரிந்தது. அவர் போகாத வீடு ஒன்றுகூட அதில் இல்லை என்பது எனக்குத் தெரியும், ரூமாதியிடம் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. “எனக்கு மட்டும் புரிஞ்சு என்ன, மோனிதா? அந்த ரெண்டு டிக்கால மத்த உண்மையெல்லாமும் சேர்ந்து போச்சு.”

புகையை விட்டவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் போன அந்தச் சர்வேயில், எங்கள் வட்டத்திலிருந்து மிஞ்சியது இரண்டு கட்டுப் படிவம், இரண்டும் என்னுடையவை, கடைசிக் கட்டம் முழுக்கப் பூஜ்யம்.