முதலில் வைத்த மேஜை

ஹாலிலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வந்தது.

உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு ஓட்டம். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி ஓர் ஓட்டம். மாதக்கணக்காக இந்த வீட்டில் கேட்காத சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினார். யாரிடம் கெஞ்சினார் என்று அவருக்கே தெரியாது.

அந்தச் சத்தம் நின்றால் அவருடைய மனைவி எழுந்துவிடுவாள். மெஷினை எடுத்துக்கொண்டு போக வந்தவள் அவள். ஓடுகிறதா என்று தைத்துப் பார்க்கிறாள். கூட வந்த அவளுடைய அண்ணன் சாமான் ஏற்றும் வண்டி பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருக்கிறார். அண்ணன் திரும்புவதற்குள் 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நம் மனிதருக்கு நாக்கு எழவில்லை.

ஆபீஸில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். பட்டப்பெயர்தான். ஆனால் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. பிஸ்கட்டுக்குக் காகிதம் சுற்றும் இயந்திரங்களை வடிவமைக்கும் கம்பெனி அது. தனித்தனியாக வரைந்த பாகங்களைத் திரையில் ஒன்றுசேர்ப்பது அவர் வேலை. புதிதாக உள்ளே கொண்டுவந்த பாகம் கட்டவிழ்த்த கன்று மாதிரி இழுத்த பக்கமெல்லாம் வரும். அதன் ஒரு முகத்தை இன்னொரு பாகத்தின் முகத்தோடு ஒட்டவைத்தால் பாதி அடங்கும். துளைக்கு நேரே துளையை நிறுத்தினால் இன்னும் அடங்கும். கடைசியில் சுழல வேண்டியது மட்டும் சுழலும், மற்றவை சொன்ன இடத்தில் நிற்கும். எங்காவது ஒன்றை ஒன்று இடித்தால் அந்த இடம் சிவப்பாகிவிடும். சிவப்பே இல்லாத திரையைப் பார்த்தால் அவருக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலில் வைக்கும் பாகம் ஆணி அடித்ததுபோல் தானாகவே நிலைத்துவிடும். எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பின்னால் வருபவை எல்லாம் அதை அனுசரித்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். அதனால்தான் இயந்திரம் என்றால் அடிச்சட்டத்தை முதலில் வைப்பார்கள்.

தன் வீட்டையும் அவர் இப்படி வரைந்து வைத்திருந்தார். கட்டில், பீரோ, சோபா எல்லாம் டேப் பிடித்து அளந்தது. நிஜத்தில் ஒரு நாற்காலி நகர வேண்டுமென்றால் முதலில் திரையில் நகர்ந்து காட்ட வேண்டும்.

"காலையில நான் எங்க நின்னு பல் தேய்க்கணும்னும் அதுல போட்டிருக்கா?" என்று அவள் கேலி செய்வாள். அவரும் சிரிப்பார். அப்போதெல்லாம் அது வெறும் கேலியாகத்தான் இருந்தது.

அவள் அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய மெஷின் சமையலறைக்குப் போகும் இருட்டு வழியில் கிடந்தது. ஹாலில் ஜன்னலோரம் போட்டுத் தரச் சொன்னாள். அவர் திரையில் இழுத்துப் பார்த்தார். சிவப்பு.

"இடிக்குதும்மா. நீயே பாரு."

"எதை இடிக்குது?"

"ஜன்னல்கிட்ட இருக்கிற என் மேஜையை."

"அப்ப மேஜையைத் தள்ளுங்க."

"அது நகராது."

கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். திரையில் அது நிஜமாகவே நகரவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்த வார்த்தை வீட்டுக்கும் சட்டமாகிவிட்டது. அவள் மூக்குக்கண்ணாடியை மாற்றினாள். விளக்கை மாற்றினாள். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சிவப்பைக் காட்டினார். ஒரு சாயங்காலம் ஊசி அவள் விரல் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தது. அவள் கத்தக்கூட இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு பையை எடுத்தாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைக்காதீங்க. எனக்கு வெளிச்சம் வேணும். அண்ணன் வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்கு."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

தனிமை எப்படிப்பட்டது என்று அவருக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்ய வேறொன்றும் இல்லாமல், திரையில் வீட்டைத் திறந்தார். அவள் மெஷினைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தார். சிவப்பு. விட்டார். மறுபடி இழுத்தார். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இந்த வீட்டில் நான் முதலில் வைத்தது எதை?

சுவரை வைத்திருக்க வேண்டும். கத்துக்குட்டிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்ததால், கைக்கெட்டிய அதையே முதலில் அளந்து வைத்துவிட்டார்! இயந்திரத்தில் ஒருநாளும் செய்யாத தப்பை வீட்டில் செய்திருந்தார். மேஜை நகராததற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை.

பிடிப்பை எடுத்துவிட ஒரு கிளிக்தான் ஆனது. மேஜை குழந்தை மாதிரி கூடவே வந்தது. அதை உள்ளறைக்குத் தள்ளினார். மெஷின் ஜன்னலோரம் போய் நின்றது. எங்கும் சிவப்பு இல்லை, அவருடைய கண்களைத் தவிர.

அன்றைக்கே நிஜ மேஜையையும் தனி ஆளாக இழுத்து உள்ளே போட்டார். மெஷினை ஜன்னலுக்குக் கொண்டுவந்து எண்ணெய் விட்டுத் துடைத்தார். போனை எடுத்தார், வைத்தார். 'இடம் ஆகிவிட்டது, வா' என்று கூப்பிட அவள் என்ன பாகமா? வரும்போது பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டார். அவள் வந்தாள், எடுத்துக்கொண்டு போக.

சத்தம் நின்றது.

அவள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். கையில் தைத்துப் பார்த்த துண்டுத் துணி.

"எண்ணெய் விட்டிருக்கீங்க."

"ம்."

"ஜன்னலுக்கு எப்ப வந்துச்சு?"

"நீ போனப்புறம்."

"நான் போனப்புறம்! மழை விட்டப்புறம் குடை நீட்டுற ஆளுங்க நீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டார். அவள் திரையைப் பார்த்தாள்.

"நம்ம வீடுதானே? நான் தொடலாமா?"

எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் மவுஸைப் பிடித்துத் தன் மெஷினை இழுத்தாள். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள், ஏதோ பலத்தில் வரும் என்பதுபோல.

"என்னங்க, இது அசையவே மாட்டேங்குது?"

"அதை நிலையா வச்சிட்டேன்," என்றார். "இப்ப மேஜை, கட்டில், நான் உக்கார்ற நாற்காலி, எல்லாமே அதைப் பார்த்துத்தான் நிக்குது."

இந்த வாக்கியத்தை அவர் எத்தனையோ ராத்திரி படுக்கையில் ஒத்திகை பார்த்திருந்தார். இதைக் கேட்டால் அவள் உருகிவிடுவாள் என்று நம்பியிருந்தார். அவள் கண்கள் நிறையத்தான் செய்தன. ஆனால் குரல் உருகவில்லை.

"முன்னாடி உங்க மேஜைக்கு ஆணி அடிச்சீங்க. இப்ப என் மெஷினுக்கு அடிச்சிருக்கீங்க. ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கீழே வண்டியின் ஹாரன் அலறியது. அவள் எழுந்தாள். இனிமேல் அளந்து பார்க்க நேரம் இல்லை.

"வந்துடுறியா?" என்றார். "இங்கயே இருந்துடேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்வதற்குள் அண்ணன் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"மாப்பிள்ளை, வண்டிக்காரன் குதிக்கிறான்! இது வாசல்ல நுழையுமா நுழையாதா? உங்க கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க!"

"நுழையும் மச்சான். மேல் பாகத்தைத் தனியா கழட்டிடலாம்."

அவரே குனிந்து திருகுகளைக் கழற்றினார். தன் கையாலேயே கழற்ற வேண்டியிருந்ததே! ஒரு திருகு வர மறுத்தபோது, வராமலே போய்விடக்கூடாதா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார். வந்துவிட்டது. இரண்டு ஆண்களுமாகக் கீழே இறக்கி வண்டியில் வைத்தார்கள். அண்ணன் கயிறு கட்ட நின்றுகொண்டார். இவர் மட்டும் மேலே ஏறி வந்தார்.

அவள் பையோடு வாசலில் காத்திருந்தாள்.

"என்னமோ கேட்டீங்களே."

"ம்."

"அங்க நாலு பொண்ணுங்க என்கிட்ட தையல் கத்துக்கிறாங்க. மெஷின் பத்தல, அதான் இதை எடுத்துட்டுப் போறேன். அந்த மாடி ரூமும் எனக்குப் பிடிச்சுப் போச்சு."

"சரிம்மா."

"சரின்னு சொல்லிட்டு இங்கயே நின்னுடாதீங்க." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "இப்ப கேட்டதை அங்க வந்து கேளுங்க. நான் எப்படி இருக்கேன், எங்க உக்கார்றேன், எல்லாம் கண்ணால பார்த்துட்டு, அப்புறம் கேளுங்க."

"வந்து கேட்டா... வருவியா?"

"தெரியலைங்க. ஒருவேளை உங்களை அங்கயே இருக்கச் சொல்லுவேனோ என்னமோ."

அவர் வாயைத் திறந்தார். கீழேயிருந்து அண்ணன் அவளைக் கூப்பிட்டார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வெளியே காலை வைத்தாள். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். அவர் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு, வெளியிலிருந்து அவளே கதவை இழுத்துச் சாத்தினாள்.