சுசிலா அண்ணியின் ஆமைப்பூட்டு

என் உடம்பிலிருந்து போன சிறுநீரகம் ஒன்று முல்லைத்தீவுக் கடற்கரையோரம் ஒரு கல்வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. அதை வைத்திருந்தவர் என் அண்ணன் தோமஸ். அவரைப் பூட்டி வைத்திருந்தவர் அவருடைய மனைவி, சுசிலா அண்ணி. கொடுத்தவன் நான் என்பதற்காக அந்த வீட்டில் எனக்குத் தனி மரியாதை ஏதும் கிடையாது. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நானும் யன்னலடியில் நின்றுதான் கதைக்கவேண்டும்.

அண்ணி முன்பு இப்படி இல்லை. ஊரில் எந்தக் கலியாண வீட்டிலும் சமைக்கிற குசினிக்குள் முதலில் கேட்பது அவருடைய சிரிப்புத்தான். அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்றிய பிறகு டாக்குத்தர் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்கக் குளிசை போடவேண்டும். அந்தக் குளிசை நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். மற்றவர்களுக்கு ஒரு கிழமையில் மாறிப்போகிற தடிமன் காய்ச்சல் இவருடைய உயிருக்கே உலை வைக்கும். ஆகவே வருடா வருடம் ஊசி, சவுக்காரம் போட்டுக் கை கழுவுதல், மாஸ்க், சனம் கூடுகிற இடத்துக்குப் போகாமை, யன்னலைத் திறந்து காற்று வரவிடுதல். கடைசியை மட்டும் அண்ணி பேனாவால் வெட்டிவிட்டார். "வாடைக்காத்தை வீட்டுக்குள்ளை விடச் சொல்லுறவரும் ஒரு டாக்குத்தரோ?" என்று என்னிடம் கேட்டார்.

முதல் மாரியிலேயே அண்ணன் ஒருநாள் களவாகக் கரைக்குப் போய்விட்டார். கடல் கொந்தளித்து, எல்லோருமாகச் சேர்ந்து வள்ளங்களை மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். அவர் கயிற்றில் கைகூட வைக்கவில்லை. சும்மா நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவன் இருமினான். மூன்றாம் நாள் காய்ச்சல், பிறகு பதினாறு நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் மயிரிழையில் தப்பியது. வீட்டுக்கு வந்த அன்றே அண்ணி ஒரு ஆமைப்பூட்டு வாங்கினார். கார்த்திகை பிறந்தால் யன்னல் நீக்கல்களில் சாக்குத் திணிப்பார். வெளியே போனால் வாசல் கதவைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுபோவார்.

"இது மறியல் வீடடா" என்று அண்ணன் யன்னல் இடுக்கால் சொல்லுவார். "மறியலிலை எண்டாலும் கிழமைக்கு ஒருக்கா ஆக்களைப் பாக்க விடுவாங்கள்."

நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது மனம் பொறுக்காது. அலைச் சத்தத்தை வைத்தே நீரோட்டம் எந்தப் பக்கம் என்று சொல்கிற மனிதர் அவர். அந்தச் சத்தத்தைக்கூடச் சாக்கு அடைத்துவிட்டது. அண்ணிமேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மூன்றாவது மாரியில், நத்தார் காலைப் பூசைக்கு அண்ணி வந்தார். சிறுநீரகம் நிலைத்திருக்கும்வரை ஒவ்வொரு நத்தாருக்கும் பாலன் யேசுவை முத்தி செய்வதாக அவருக்கு ஒரு நேர்த்தி. மழைக்குக் கோவில் யன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். நான் ஆம்பிளைகளோடு வாசலில் நின்றேன். பாலனின் சுரூபத்தை ஏந்தி நின்றவர், ஒருவர் முத்தமிட்டதும் வெள்ளைக் கைலேஞ்சியால் பாதத்தைத் துடைப்பார். அடுத்தவர் குனிவார். முந்நூறு பேருக்கும் அந்த ஒரே கைலேஞ்சிதான். அண்ணி மாஸ்க்கைக் கீழே இழுத்து, கண்ணை மூடி, நெடுநேரம் முத்தமிட்டார். கடையில் ஒரு பாணைத் தொட்டாலும் வீட்டுக்கு வந்து கை கழுவுகிற மனிசி அவர். பாலனில் யார்தான் சந்தேகப்படுவார்கள்? எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

முத்தத்தில் தொற்றியதோ, பின்வரிசையில் இருமியவர்களிடம் தொற்றியதோ, ஆருக்குத் தெரியும். இரண்டாம் நாள் காலை அண்ணிக்குத் தொண்டை நொந்தது. இருமல் வருமுன்பே பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு, வளவில் தனியாக நிற்கும் குசினிக்குப் போய்விட்டார். அங்கிருந்துதான் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"தம்பி, வீட்டைப் பூட்டித் திறப்பைப் படலையிலை கொழுவியிருக்கிறன். வந்து எடும். நான் செத்தாலும் அவரைத் திறந்து விடாதேயும்."

"என்ன கதை அண்ணி இது?"

"சொன்னதைச் செய்யும்."

நானும் மனைவி ஜெயரூபினியும் மாஸ்க்கோடு போனோம். கிளினிக்குக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். யன்னலைப் பற்றித்தான் தாதி முதலில் விசாரித்தார். "சாக்கைப் பிடுங்கி எறியுங்கோ. இந்தக் காச்சல் குளிராலை வாறேல்லை, ஆக்களிட்டையிருந்து வாறது. அடைச்ச வீட்டுக்குள்ளை வந்தால் வெளியிலை போக வழியில்லை. அவருக்குக் கொஞ்சம் உடம்பு காய்ஞ்சாலும் உடனை கொண்டுவாங்கோ" என்றார்.

சாக்குகளை இழுத்து எறிந்தேன். அண்ணன் யன்னல் கம்பியில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். "நீரோட்டம் தெற்காலை போகுதடா" என்று சிரித்தார்.

நான்காம் நாள் பகல், அண்ணி தேத்தண்ணிக் கேத்திலை எடுக்க எழும்பினவர், குசினி வாசலில் அப்படியே சரிந்து விழுந்தார். அண்ணனின் யன்னலுக்கு நேரே குசினி. ஜெயரூபினி ஓடிப்போய்த் தூக்கினாள். வீட்டுக் கதவு அதிர்ந்தது.

"டேய் றஜித், கதவைத் திற! அவள் விழுந்திட்டாள்!"

"ஜெயரூபினி பாக்கிறாள்தானே அண்ணை."

"அவள் என்ர மனிசியடா! திற!"

திறப்பு என் சேட்டுப் பைக்குள் இருந்தது. நான் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றேன்.

"உன்ர கிட்னியை நீயே வைச்சிரு! கதவைத் திறடா!"

நான் திறக்கவில்லை. அழுதுகொண்டே நின்றேன். மூன்று மாரியாக அண்ணியை மனதுக்குள் மறியல் காவல்காரி என்று திட்டியவன் நான். அந்தத் திறப்பு எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஜெயரூபினி அண்ணியை ஓட்டோவில் ஏற்றி டாக்குத்தரிடம் காட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஊசி காத்ததோ, குசினிச் சுவர் காத்ததோ, அண்ணனுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் யன்னலை விட்டு அசையாமல், அண்ணியின் ஒவ்வொரு இருமலையும் எண்ணிக்கொண்டே கிடந்தார். நான் நீட்டும் சாப்பாட்டுக் கோப்பையைக்கூடச் சவுக்காரத் தண்ணீரால் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

பத்து நாள் கழித்து அண்ணி மெலிந்துபோய் வெளியே வந்தார். திறப்பை வாங்கி, பூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். "இதை உம்மட வள்ளத்து எஞ்சினுக்குப் பூட்டும்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "இஞ்சரப்பா, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சனமில்லாத பக்கமாக் கரைக்குப் போட்டு வாங்கோ. அந்தக் குசினிக்குள்ளை கிடந்துதான் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரிஞ்சது. இனிப் பூட்டமாட்டன்" என்றார்.

அண்ணன் படியில் கால் வைக்கவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்றார்.

தை முடியப்போகிறது. மழையும் விட்டு வெயில் வந்துவிட்டது. நேற்று மீன் கொண்டுபோனேன். கதவில் பூட்டு இல்லை. தள்ளினேன், திறக்கவில்லை.

"ஆர்?" என்றது அண்ணனின் குரல்.

"நான்தான் அண்ணை."

"இருமல் கிருமல் இருக்கோ?"

"இல்லை."

"ஜெயரூபினிக்கு?"

"இல்லையண்ணை. கரையிலை ஒரு சனமும் இல்லை, கடலும் நல்லாக் கிடக்கு. வாங்கோ போட்டு வருவம்."

யன்னல் பக்கம் காலடி கேட்டது. பிறகு, "கையைக் கழுவிப்போட்டு மீனை யன்னலாலை தா" என்றார்.

அண்ணி முற்றத்தில், கிணற்றடியிலிருந்து கொண்டுவந்த வாளியோடு நின்றார். "என்னையும் இப்பிடிக் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளை விடுறார், தம்பி" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அண்ணி பூட்டிய காலத்தில் திறப்பென்று ஒன்றாவது இருந்தது. இப்போது கதவின் கொண்டி உள்ளே.