மஞ்சள் அரைத்த கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். கோயில் சமாசாரம், வாயைத் திறந்தால் அம்மனுக்கு ஆகாதோ என்று பயம். இனிப் பொறுக்க முடியவில்லை. எழுதுகிறேன்.

மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற ஊரில், ஒரு சந்துக்குள் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன அம்மன் கோயில் எங்களுடையது. என் மாமனார்தான் பூசாரி. பாரிசவாயு வந்து அவர் படுக்கையில் விழுந்தபோது, பூசை நிற்கக் கூடாதென்று அவருடைய ஒரே மகளான என் மனைவி சாவியை எடுத்துக்கொண்டாள். அம்மனை நீராட்டினாள், சேலை உடுத்தினாள், தீபம் காட்டித் திருநீறு கொடுத்தாள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் அந்தப் பக்கமே போகமாட்டாள், நான் விளக்கேற்றுவேன். அம்மை வார்த்த வீடுகளிலிருந்து தமிழ் மறந்துபோன சிட்டி வம்சத்துப் பெண்கள்கூட வந்து, மலாயில் கெஞ்சி, அவள் கையால் வேப்பிலை வாங்கிப் போனார்கள். கோயில் தலைவர், வெள்ளைக்காரன் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அவரும் தன் பேரனுக்கு வாங்கினார். அப்போது தீட்டு எங்கே போயிருந்தது?

மாமனார் கண்ணை மூடினார். கருமாதி முடிந்ததும் கிராணி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, சாவியக் கொடுத்துடு. நாகப்பட்டணத்துலேருந்து பூசைக்கு ஆள் வருது."

"அப்பா படுத்திருந்தப்ப நான் செஞ்ச பூசை அம்மனுக்கு ஆகலையா அண்ணே?"

"அது ஆபத்துக்கு. பொம்பளை நிரந்தரமா கருவறைக்குள்ள நிக்கலாமா? ஊரே சிரிக்கும் லா."

சாவியைக் கொடுத்தாள். அவர் போகவில்லை.

"ஆள் வர்றதுக்குள்ள அம்மனக் கழுவிச் சுத்தம் பண்ணணும். உன்னை மாதிரி நைசா யாரும் மஞ்சள் அரைக்கிறதில்ல. கொஞ்சம் அரைச்சுக் கொடுத்துடேன்."

அவள் தொட்ட தீட்டைக் கழுவ அவளே மஞ்சள் அரைக்க வேண்டுமாம்! நான் பாய்ந்துவிட்டேன். அவள் தடுத்தாள். அம்மனுக்கென்று கேட்டதை மறுக்கத் தெரியாதவள். அரைத்தாள். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் வைத்தாள்.

"இதுவும் நான் தொட்டதுதான் அண்ணே. இதை எதை வச்சுக் கழுவுவீங்க?"

"அம்மாடி, வாயைப் பாரு!" என்றார் ஒருவர். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்த மஞ்சளையே கரைத்து அம்மன்மேல் ஊற்றினார்கள்.

இன்று அவள் வெளியே நின்று கும்பிடுகிறாள். தாயைத் தொட மகள் ஆகாதென்று எந்த அம்மன் வந்து சொன்னாள்?

அவளாகவே பூசையை விட்டாள் என்று புக்கிட் ரம்பாய் வரைக்கும் கதை கட்டிவிட்டார்கள். படிக்கிறவர்களே, நடந்ததை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அழுதாள் என்று சேர்க்காதீர்கள், அழவில்லை. சாபமிட்டாள் என்றும் சேர்க்காதீர்கள். அந்த மஞ்சளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.