கருகியது தேயிலை அல்ல

இன்று காலை ஹேவாஹெட்டையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வந்தேன். இறக்கம் தொடங்கியதும் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். டீசல் மிச்சமாம்.

கண்டியில் பௌதிகம் படிப்பிக்கும் எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. உயரத்தில் நிற்கும் வண்டிக்கு இறங்கி ஓடும் சக்தி தானாகவே உண்டு என்று நேற்றுத்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

சற்று நேரத்தில் கருகல் வாசம் வந்தது. பக்கத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து காய வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு இருந்த தோட்டத்துப் பெண் எழுந்து நின்றாள்.

"டைவரய்யா, நிப்பாட்டுங்க. என்னமோ கருகுது."

"அது ஸ்டோர் வாசம். உக்காரும்மா."

"நான் ஸ்டோருலதாங்க வேல செய்றேன். தேயில இப்புடி நாறாது."

டிரைவர் முணுமுணுத்தபடி பிரேக்கை மிதித்தார். முழுதாக மிதித்தும் வண்டி இருபது கெஜம் ஓடித்தான் நின்றது. எஞ்சின் உதவியில்லாமல் இறக்கம் முழுக்கப் பிரேக்கையே நம்பி வந்ததில், பின்சக்கரங்கள் இரண்டிலும் புகை. முன்னால் வளைவு, அதற்குக் கீழே பள்ளம்.

ஓடும் சக்தி அழிவதில்லை, பிரேக் பிடித்தால் அது வெப்பமாக மாறும். அதுவும் நேற்றைய பாடத்தில் இருந்ததுதான்.

சக்கரங்கள் ஆறும்வரை வீதியோரம் நின்றோம். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஐயா என்ன வேல பாக்குறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆபீஸில கிளாக்கர்" என்று சொல்லிவிட்டேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?