ராகு காலத்தில் வந்த ரிலீஸ்

என் கணவர் முகுந்தன் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் ஒரு கேம் கம்பெனியில் கிராஃபிக்ஸ் புரோகிராமர். விளையாட்டில் ஓடும் காருக்குப் பளபளப்பும் நிழலும் தருவது அவர் வேலை. அதற்கான புது மென்பொருள், கிராஃபிக்ஸ் ஏபிஐயாம், ஒன்று வரப்போகிறது என்று அறிவித்ததிலிருந்து வீட்டில் ஒரே பல்லவிதான்.

"சிங்க் குழாய் ஒழுகுதுங்க."

"அது ரிலீஸ் ஆகட்டும் விசாலம், பண்ணிடறேன்."

பிளம்பரைக் கூப்பிடவும் விடமாட்டார். இன்ஜினியர் கௌரவம்!

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அது வெளியானது. லீவு போட்டு, குளித்துவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இத்தனை களை இல்லை. டவுன்லோட் பட்டன் வரை போன கை நின்றது. இந்தியன் ஸ்டோரில் கொடுத்த தமிழ்க் காலண்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"என்னாச்சு?"

"இப்ப எல்லாரும் டவுன்லோட் பண்ணுவாங்க, சர்வர் ஸ்லோவா இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல பண்றேன்."

வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிவது பன்னிரண்டுக்கு. புதுக் கார் எடுத்த அன்று, ராகு காலம் முடியட்டும் என்று நான் டீலரிடம் காத்திருந்ததற்கு, "நீயெல்லாம் எம்.எஸ்சி. படிச்சவளா?" என்று நண்பர்கள் முன்னால் சிரித்த மனிதர் இவர்!

சும்மா இருக்க முடியாமல் அவர் ஸ்பேனரோடு சிங்குக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குக் குழாய் ஒழுகவில்லை.

அடுத்த வெர்ஷனும் ராகு காலத்திலேயே வரட்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். பாத்ரூம் ஷவர் இன்னும் பாக்கி இருக்கிறது.