கழுவக் கூடாதென்று சொன்ன கார்

ஒருகொடவத்தைக் கராஜில் அன்று நின்றவர்கள் நான், அம்மா, ஓட்டோ ஓடும் சித்தப்பா, காரைப் பார்க்க வந்த ஹாஜியார். அப்பா இல்லை. செவ்வாயும் வெள்ளியும் அவருடைய இரத்தத்தை ஆஸ்பத்திரி மெஷினில் சுத்தப்படுத்துவார்கள். அன்று வெள்ளி.

கார் அப்பாவுடையது. ஒரு பங்களாவில் கார்களுக்கு நெளிவெடுக்கும் டிங்கர் வேலை செய்ததற்குக் கூலிக்குப் பதிலாகக் கிடைத்த நீளமான பழைய இங்கிலீஷ் கார். இங்கிலாந்து அரச குடும்பத்தார் கொழும்புக்கு வந்தபோது அவர்களை ஏற்றி ஓடியது என்பார். பின்கதவின் நெளிவைத் தட்டியபோது பெயின்றுக்கு அடியில் சிங்கத்தின் வாலைத் தானே கண்டதாகவும், பிறகு மூடிவிட்டதாகவும் சொல்வார். நாங்கள் நம்பியதில்லை. சிறுநீரகம் மாற்ற முப்பது லட்சம் வேண்டும் என்று டொக்டர் சொன்ன பிறகு நம்பத் தொடங்கினோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். பழைய கார்களை மதிப்பிடும் ஹாஜியாருக்கு நான்தான் ஈமெயில் எழுதினேன். என்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது, சேசிஸ் நம்பர் தகடும் இல்லை, ஆகவே இனி ஒரே சாட்சி அந்தக் கதவுதான் என்று பதில் வந்தது. கறுப்புப் பெயின்றுக்கு அடியில் கையால் வரைந்த, சிங்கமுள்ள அரச இலச்சினை இருக்கிறதா என்று அவரே மெல்லச் சுரண்டிப் பார்ப்பாராம். அதுவரை எதுவும் செய்யக் கூடாது. காரைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்குப் போன் எடுத்து, "காரைக் கழுவக்கூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பு எடுக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஷட்டரைத் தூக்கியதும் பெயின்ற் தின்னர் மணம் முகத்தில் அடித்தது. கார் கண்ணாடிபோல மினுங்கியது.

ஹாஜியார் பின்கதவில் கையை வைத்தார். "இது எப்ப அடிச்ச?"

"புதன்கிழமை. மூண்டு கோட்," என்றார் சித்தப்பா, பெருமையாக.

"பழைய பெய்ன்ட்?"

"தகரம் தெரியுமட்டும் உரிச்சாச்சு, ஹாஜியார். பழசுக்கு மேல அடிச்சா நிக்காதெண்டு பெயின்ற் அடிச்ச பாஸ் சொன்னவர்."

"உரிக்கக்கொள்ள அடியில ஏதும் இருந்திச்சா?"

சித்தப்பா யோசித்தார். "மஞ்சளா ஒரு வால் மாதிரிக் கிடந்தது. ஆரோ பெடியள் கீறினதாக்கும் எண்டு நினைச்சன்."

அம்மா அங்கேயே ஒரு ரயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சித்தப்பா, நான் சொன்னனான் எல்லே?"

"கழுவ வேண்டாமெண்டுதானே சொன்னனீ? ஒரு சொட்டுத் தண்ணி படேல்லை. பொம்பிளை பாக்க வாற நாளில தலை வாரி இழுக்காமலே விடுறது?"

யாரும் சிரிக்கவில்லை. தன் சங்கிலியை அடகு வைத்துத்தான் அவர் பெயின்ற் அடித்திருந்தார்.

ஹாஜியார் என் தோளைத் தொட்டார். "மகன், சித்தப்பா கண்டது அந்தச் சிங்கத்துட வால்தான். எனக்கு வெளங்குது. ஆனா என்ட கண்ணால கண்டதத்தான் நான் எழுதலாம்."

பின்னேரம் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்த அப்பா, கட்டுப்போட்ட கையோடு சாய்ந்து கிடந்தார்.

"வாலைக் கண்டவையோ?"

"ஓம்," என்றார் அம்மா. "கண்டவை."

"அப்ப சரி," என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எதையும் சொல்ல வேண்டாமென்று அம்மா எங்களைத் தடுத்துவிட்டார். இன்னமும் அவர் கிழமைக்கு இரண்டு தடவை அந்த மெஷினுக்குத்தான் போய்வருகிறார்.

இலச்சினை இருந்தால் எண்பது லட்சம் பேசலாம் என்று ஹாஜியார் முதலில் எழுதியிருந்தார். கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் ஒருவர் பன்னிரண்டு லட்சம் தந்தார். அந்த மூன்று கோட் பெயின்றுக்கு நாங்கள் கொடுத்த விலை அறுபத்தெட்டு லட்சம்.