கட்டவுட்காரரின் மூடி

கட்டவுட்காரர் ஸ்குரூ டிரைவரின் நுனியைத் தகரப் பெட்டிமேல் ஊன்றி, பிடியைக் காதுக்குள் சொருகாத குறையாக அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எதிரே சின்ன டிராக்டர் கடகடவென்று குதிக்கிறது. இவர் முகத்திலோ தாலாட்டுக் கேட்கிற குழந்தையின் சிரிப்பு.

டைனமோ கரண்டை பேட்டரிக்கு அளந்து ஊற்றுகிற கையகலத் தகரப் பெட்டிக்குக் கட்டவுட் என்று பெயர். முப்பது வருஷமாக அதையே பிரித்து மாட்டுவதால் இவருக்கும் அதே பெயர். உள்ளே இரண்டு காயில், ஒரு ஸ்பிரிங், ஒட்டி ஒட்டிப் பிரியும் பாயிண்ட். அந்தச் சத்தத்தைத்தான் ஸ்குரூ டிரைவர் வழியே கேட்பார். "புருஷன் பொண்டாட்டி மாதிரிங்க. ஒட்டிக்கிட்டே கிடந்தா பேட்டரி கொதிச்சிடும், விலகியே இருந்தா பட்டினி" என்பார். பாயிண்ட் தேய்க்க வைத்திருப்பது மனைவியின் நக அரம். கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்கவில்லை.

அன்றைக்கு வந்தவர் காய்கறித் தோட்டக்கார அக்கா. டிராக்டர் அவருடையது. அதில் மூன்று பேட்டரி கொதித்துச் செத்தாயிற்று.

"இன்னைக்கும் சரியாகலன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு, உங்க மச்சினன் கடையில எலக்ட்ரானிக் மாட்டிக்கிறேன்."

அந்த மச்சினன் புதுப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

கட்டவுட்காரர் ஸ்பிரிங்கின் காதை மயிரிழை வளைத்தார். மீட்டர் முள் பதினாலு வோல்ட்டில் நின்றது. மூடியை மாட்டினார். முள் பதினேழுக்குத் தாவியது. கழற்றினால் பதினாலு, மாட்டினால் பதினேழு.

"பெட்டிக்கே உங்க மேல கோவம், மாமா" என்றான் மச்சினன், வாய் நிறையக் கடலையோடு. அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டார்.

மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நடுவில் நசுங்கல். வேறெந்தப் பெட்டியின் மூடியோ. நசுங்கிய தகரம் உள்ளே காந்தத்தோடு வம்புக்குப் போகிறது. சொந்த மூடி எங்கே? பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தார். சட்டைப் பையைத் தட்டினார். கடைசியில் கண் மச்சினன் மடியிலிருந்த மூடியில் போய் நின்றது. சற்று முன் கடலையை அந்த மூடியில் கொட்டி, "தின்னு மாப்ள" என்று உபசரித்தவர் இவரேதான்.

மிச்சக் கடலையை அவன் சட்டைப் பையில் கவிழ்த்தார். மூடியிலிருந்த உப்பைத் துடைத்து, ஊதி, மாட்டினார். பதினாலு. முள் அசையவில்லை. அக்காவின் பை பெஞ்சுக்குத் திரும்பியது.

"நீயே கேளு மாப்ள" என்று ஸ்குரூ டிரைவரின் பிடியை அவன் காதுக்கு நீட்டினார். மச்சினன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.